உயிரின் பக்கம் போகாமல் உயிரியலில் சென்டம் வாங்குவது எப்படி?

பிளஸ் ஒன்னில் பயாலஜி குரூப் எடுத்திருக்கும் மாணவச் செல்வங்களுக்கும், அவர்களைவிட அதிகமாகப் படபடக்கும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. இந்தப் பாடத்துக்கு ஒரே ஓர் எதிரிதான் உண்டு: உயிர். அது ஓடும், பறந்து வந்து முகத்தில் மோதும், கேள்வித்தாளில் இல்லாததை எல்லாம் செய்யும். அதனிடமிருந்து எட்டியே இருங்கள், மதிப்பெண் தானாக வரும்.

முதல் பாடத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது. உயிருள்ளவை உண்ணும், சுவாசிக்கும், வளரும், அசையும், தூண்டினால் துலங்கும், கழிவை வெளியேற்றும், இனப்பெருக்கம் செய்யும் என்று ஒரு பட்டியல் வரும். மனப்பாடம் செய்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். மூடாமல் யோசித்தால் வம்பு. தீயும்தான் விறகைத் தின்கிறது, ஆக்சிஜனை எடுக்கிறது, சாம்பலைக் கழிக்கிறது, பக்கத்தில் கூரை கிடைத்தால் வம்சமும் வளர்க்கிறது. கோவேறு கழுதைக்கோ வம்சமே கிடையாது. விதை இன்னும் மோசம். இஸ்ரேலின் மசாடா கோட்டையில் 1960-களில் நடந்த அகழாய்வில் பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. சுமார் 2,000 ஆண்டுப் பழையவை. அவற்றில் ஒன்றை 2005-ல் ஊன்றிப் பார்த்தார்கள். முளைத்து மரமாகிவிட்டது. அத்தனை காலமும் உண்ணாமல், வளராமல், அசையாமல் கிடந்த அந்தக் கொட்டைக்கு உயிர் இருந்ததா, இல்லையா? இப்படிக் கேட்கும் பிள்ளையை டியூஷனில் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவது எல்லோருக்கும் நல்லது. ஒரு மார்க் கேள்விக்கு நான்கு விடைகள்தான். அவற்றில் ‘யோசிக்க வேண்டிய விஷயம்’ என்று ஒன்று இருக்காது.

அடுத்து மைக்ராஸ்கோப். அது ஆய்வக பீரோவில் பத்திரமாக இருக்கும். வெளியே வரும் நாளில் வகுப்பே அதன்மேல் சாயும். வெங்காயத்தின் உள்தோலை உரித்து, சாஃப்ரனின் சாயம் போட்டு, கண்ணாடித் துண்டில் வைத்திருப்பார்கள். கண்ணை வைத்ததும் தடித்த கறுப்பு விளிம்போடு பளிச்சென்று ஒரு வட்டம் தெரியும். செல்லைக் கண்டுவிட்டோம் என்று மாணவர்கள் குதிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அது காற்றுக்குமிழி. கவர்ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்காமல் தொப்பென்று போட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும். நிஜமான செல்கள் அதற்குப் பின்னால், செங்கல் சுவர் போல வரிசையாக, ஃபோகஸ் திருப்புகிறவருக்காகக் காத்திருக்கும். நீங்கள் திருப்ப வேண்டாம். குமிழியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அண்ணனுடைய பழைய ரெகார்ட் நோட்டைப் பார்த்து செல்லை வரையுங்கள். ஹெச்பி பென்சில், ஸ்கேல் வைத்துக் கோடு, பாகங்கள் எல்லாம் வலப்பக்கம். கண்ணில் பட்டதை வரைந்தால் ரெகார்டில் கையெழுத்து விழாது.

சந்தேகம் இருந்தால் ஆன்டனி வான் லூவன்ஹாக்கின் கதையைக் கேளுங்கள். ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி. கல்லூரி வாசலை மிதிக்காதவர், லத்தீன் தெரியாதவர். தானே தேய்த்துச் செய்த குட்டி லென்ஸ் வழியாக ஏரித் தண்ணீரைப் பார்த்தார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தார். காரத்தின் காரணம் கிடைக்கவில்லை, தண்ணீர் முழுக்க நுண்ணுயிர்கள் நீந்தின. 1683-ல் தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டிப் பார்த்து, அங்கே நெளிந்தவற்றை விவரித்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு டச்சு மொழியிலேயே கடிதம் எழுதினார். சூடாகக் காபி குடித்த பிறகு முன்பற்களில் அவை செத்துக் கிடந்ததையும் விடவில்லை. சிலபஸ் இல்லாத மனிதர் எதில் போய் விழுகிறார், பாருங்கள்.

விலங்கியலில் உங்களுக்கு வாய்ப்பது கரப்பான்பூச்சி, பெரிபிளானெட்டா அமெரிக்கானா. பெயரில் அமெரிக்கா, பூர்வீகம் ஆப்பிரிக்கா. அதெல்லாம் உங்களுக்கு எதற்கு? இதயத்துக்கு 13 அறைகள், சுவாசத்துளைகள் 10 இணை, கழிவு நீக்க மால்பிஜியன் நுண்குழல்கள். மூன்றையும் தனித்தனியாக உருப்போடுங்கள், ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சுப் போட்டால், மூச்சு உடலின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக நேரே திசுக்களுக்குப் போகிறது, ஆகவே இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டியதில்லை, ஆகவே அது சிவப்பாக இல்லை, தலை துண்டானாலும் சில நாள் உயிரோடு இருப்பதும் இதனால்தான் என்று சங்கிலியாகப் புரியத் தொடங்கிவிடும். ராத்திரி பாத்ரூமில் செருப்பை ஓங்கிய கை அந்தரத்தில் நின்றுவிடும். அம்மா திட்டுவார்.

தாவரவியலில் ஆபத்து வேலியோரம் பூத்திருக்கிறது. ஃபேபேசி குடும்பத்துக்குச் சங்குப்பூவைக் காட்டுவார்கள். கொடி அல்லி ஒன்று, சிறகு அல்லி இரண்டு, படகு அல்லி இரண்டு, மகரந்தத்தாள்கள் (9)+1, இறங்கு தழுவு இதழமைவு. இந்தக் கடைசிச் சொற்றொடரைத் திக்காமல் மூன்று முறை சொல்ல முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தப்பித்தவறி நிஜப் பூவைப் பறித்து வந்துவிடாதீர்கள். அவரை, பட்டாணிப் பூக்களில் கொடி அல்லி மேலே நிமிர்ந்து நிற்கும். சங்குப்பூ செடியில் தலைகீழாகத் திரும்பி இருக்கும். அந்தப் பெரிய நீல இதழ் கீழே விரிந்து, வரும் வண்டுக்கும் தேனீக்கும் திண்ணையாகிவிடும். அதனால் மகரந்தம் அவற்றின் வயிற்றில் ஒட்டாமல் முதுகில் ஒட்டும். எந்தப் பக்கம் மேலே என்று வகுப்பில் ஒருவர் கேட்டால் போதும், அந்த பீரியட் போய்விடும்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கையாள வேண்டியவர் கிரிகோர் மெண்டல். மார்க் அள்ளித் தருபவர். மற்றபடி மாணவர்களுக்கு நல்ல முன்மாதிரி இல்லை. 1850-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தோற்றவர், அதுவும் இயற்கை வரலாற்றில். தேர்வில் தோற்றவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் கோச்சிங் சேராமல், புருனோ நகர மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணி பயிரிட்டார். கிட்டத்தட்ட 28,000 செடிகள். இடுக்கியால் மொட்டைப் பிரித்து மகரந்தத்தாள்களைக் கிள்ளி, இன்னொரு பூவின் மகரந்தத்தைத் தடவி, விளைந்ததை உரித்து, ஒவ்வொன்றாக எண்ணினார். 1866-ல் கட்டுரை அச்சாயிற்று. 1884-ல் இறந்தார். உலகம் திரும்பிப் பார்த்தது 1900-ல். நீட் கோச்சிங்கில் இவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள்.

பாடப்புத்தகம் 3:1 என்று சொல்லும் விகிதத்துக்கு அவருடைய எண்கள்தான் பெரிய தலைவலி. உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. வகுத்துப் பாருங்கள்: 2.96. நெட்டைச் செடி 787, குட்டை 277: 2.84. ஊதாப் பூ 705, வெள்ளை 224: 3.15. ஓரிடத்திலாவது சரியாக 3 வந்ததா? வராது. ஒவ்வொரு செடியிலும் உள்ள இரண்டு மரபுக்கூறுகளில் எது மகரந்தத்துக்குப் போகும், எது சூலுக்குப் போகும் என்பது ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கல். ஆயிரக்கணக்கில் எண்ணினால்தான் 3-க்குப் பக்கத்திலாவது வந்து நிற்கும். நம் பாடப்புத்தகக் கட்டத்திலோ நான்கே செடிகள். மூன்று நெட்டை, ஒன்று குட்டை, பிசகே கிடையாது. நான்கு பட்டாணி விதைத்து இப்படி வரவில்லையே என்று அழும் பிள்ளைக்குப் பெற்றோர் ஆறுதல் சொல்லலாம், விளக்கம் மட்டும் சொல்லிவிடக் கூடாது.

இதில் இன்னொரு கூத்து. 1936-ல் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல் மேதை மெண்டலின் கணக்குகளை அலசிவிட்டு, எண்கள் சந்தேகப்படும் அளவுக்கு விதியோடு ஒட்டிப் போகின்றன, இயற்கையில் பிசிறு இன்னும் அதிகம் இருக்க வேண்டும் என்றார். அந்தத் தகராறு பல பத்தாண்டுகள் ஓடியது. ஆக, 2.96 என்று எழுதினால் ஃபிஷருக்கு அது நெருக்கம் அதிகம், விடைத்தாள் திருத்துபவருக்கு நெருக்கம் போதாது. உங்கள் தாள் ஃபிஷரிடம் போகப் போவதில்லை. 3:1 என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போங்கள்.