பானட்டைத் திறந்து பார்த்தால்

ஹவுராவில் வந்திறங்கும் மைத்துனரை அழைத்துவர இன்று காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினேன். ஏழரை மணிக்கு அவரே ஒரு மஞ்சள் டாக்ஸியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் அப்போதும் வாசலில் கிளம்பிக்கொண்டுதான் இருந்தேன். வந்த டாக்ஸியும் அம்பாசடர். என் வண்டிக்குத் தம்பி முறை. மைத்துனர் காசு எண்ணிக் கொடுக்கும்வரை எஞ்சினை அணைக்காமல், என்னைக் குத்திக்காட்டுவதுபோல் இரைந்துகொண்டே நின்றது.

மைத்துனர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். என் பக்கத்தில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பானட்டுக்குள் குனிந்து பார்த்தார். அவர் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறவர்.

லேக் மார்க்கெட் பக்கம் இன்று 12 டிகிரி. வின்னிபெக்கில் இருக்கும் என் தங்கை மகனிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறான். அங்கே மைனஸ் முப்பதாம்; ராத்திரி வண்டியை நிறுத்தியதும் எஞ்சின் சூடாக இருக்க மின்சார வயரைச் செருகிவிட்டுப் போய்த் தூங்குகிறார்கள். என் வண்டி 12 டிகிரிக்கே மங்கி கேப் கேட்கிறது. இதன் பூர்வீகம் இங்கிலாந்து, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வம்சம். ஆனால் பிறந்தது ஹூக்ளிக்கு அக்கரையில் உத்தர்பாராவில். அங்கே ரயில் நிலையத்துக்கே ஹிந்த்மோட்டர் என்றுதான் பெயர். 2014 மே மாதம் அந்தத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. நின்றதும் முதலில் குளிர்ந்து போனது என் எஞ்சின்தான் என்று நினைக்கிறேன்.

ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்ற காரணத்தைக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் இந்த பானட் விஷயத்தைப் பேசித் தீர்க்க வேண்டும்.

செல்ஃப் எடுக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. உடனே இறங்கி பானட்டைத் திறக்கிறோம். எதற்கு? திறந்தால் உள்ளே என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறோம்? கழன்ற வயர் ஒன்று கையை ஆட்டி "ஐயா, நான்தான்" என்று கூப்பிடுமா? முப்பது வருஷமாகத் திறக்கிறேன், ஒரு தடவைகூட எதுவும் கூப்பிட்டதில்லை. இருந்தாலும் திறக்கிறேன். அம்பாசடர் பானட்டுக்குள் வாடகைக்கு விடலாம், அவ்வளவு இடம். முதலில் ஒரு 'ம்'. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைக் கடித்துவிட்டு மாமனார் போடுகிற அதே 'ம்'. பிறகு பேட்டரி முனையைப் பிடித்து ஆட்டுவது. ஆடினால் "இதுதான்" என்கிறோம். ஆடாவிட்டால் "இது இல்லை" என்கிறோம். இரண்டுக்கும் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. பிறகு கார்புரேட்டரை ஸ்பானரால் இரண்டு தட்டு. ஏன் தட்டுகிறோம்? என் அப்பா தட்டினார். அவர் ஏன் தட்டினார் என்று கேட்டுவைத்திருக்கலாம். பிறகு ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்ப்பது, மாலை போட்ட படத்தைத் தொட்டுக் கும்பிடுகிற பக்தியோடு. கடைசியாக ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது. தண்ணீர் இருக்கும். அதற்கும் ஸ்டார்ட் ஆகாததற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பார்த்ததில் ஒரு நிம்மதி, வீட்டில் ஏதோ ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதே என்று. இத்தனையும் முடிந்தபின் கையில் கிரீஸ் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாவிட்டால் நாமே கொஞ்சம் ஒட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் போகும்போது அது ஒன்றுதான் சாட்சி.

தனியாகக் குனிந்தாலாவது மானம் தப்பும். திறந்த பானட்டைக் கண்டால் இந்த ஊர் விடாது. "கீ ஹோலோ, தாதா?" இங்கே தாதா என்றால் அண்ணன். குளிரில் ஆறாவது ஆள் வந்து இதே கேள்வியைக் கேட்கும்போது, எங்கள் ஊர் அர்த்தத்தில் தாதாவாகிவிடலாமா என்று தோன்றும். கையில் ஸ்பானர் வேறு இருக்கிறது.

இன்று வந்தவர்களில் ஒருவர் பையில் கட்லா மீனோடு வந்தார், பேட்டரி என்றார். பேட்டரி போன மாதம்தான் மாற்றினேன். பால் வாங்க வந்தவர் பாயிண்ட் என்றார், கண்டென்சர் என்றார். மல்லிக் பஜாரில் நான் வாங்கிய சாமான்களைக் கோர்த்தால் இன்னொரு வண்டியே வரும், அதுவும் காலையில் ஸ்டார்ட் ஆகாது. பனியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்திருக்கும் என்றார் எதிர்வீட்டு மங்கி கேப் பெரியவர், ஓய்வு பெற்ற எஞ்சினியர். துணியால் துடைத்தேன். பயனில்லை. "அப்படியானால் கேஸ்" என்றார். இவர்களுக்குத் தலைவலியும் கேஸ்தான், முழங்கால் வலியும் கேஸ்தான். ஆனால் யோசித்தால் அவர் சொன்னது சரி. எரிவது திரவ பெட்ரோல் இல்லை, அதன் ஆவி. குளிரில் ஆவி சரியாக எழும்பாது. அதனால்தான் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊட்டுகிறோம். நானும் ஐந்தரை மணிக்கே முழுசாக இழுத்துவிட்டேன். அவ்வளவுகூடத் தெரியாதவனா நான்?

ஒரு கை ரிக்‌ஷாக்காரர் மணியைத் தட்டிக்கொண்டு கடந்து போனார். அவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அதிகம் வலித்தது.

மிஸ்திரியிடம் காட்டவில்லையா என்று கேட்பீர்கள். அவன் பட்டறை திறப்பது பத்தரைக்கு. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். சாவியைத் திருப்புவான், முதல் திருப்பிலேயே பிடிக்கும். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்குகிற பிள்ளையைப்போல அத்தனை சமர்த்து. அவன் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, பொய்ச் சாட்சி சொன்னவனைப் பார்ப்பதுபோல. ராத்திரி அங்கேயே விட்டுப் பார்த்தேன். தகரக் கொட்டகை, வெல்டிங் சூடு. காலையில் சொகுசாக ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அதற்கும் கூலி வாங்கினான். ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றிக் காட்டுவான். அடுப்புக்கரி மாதிரி இருக்கும். "இவ்வளவு கரி எப்படிப் பிடிக்கிறது?" என்பான். கலப்பட பெட்ரோல் என்பேன். வேறு என்னவாக இருக்க முடியும்?

மைத்துனர் குளித்து, இட்லி சாப்பிட்டு, காளிகாட் ஸ்டேஷனுக்கு நடந்தே போய் மெட்ரோ பிடித்துவிட்டார். 1984இல் ஓட ஆரம்பித்த ரயில், காலையில் யாரும் அதன் பானட்டைத் திறப்பதில்லை என்று என் மனைவி அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பதினொன்றுக்கு வெயில் வந்தது, கொஞ்சம் இருமிவிட்டு வண்டியும் வந்தது. அணைக்க பயமாக இருக்கிறது. அதனால் வாசலிலேயே ஓடவிட்டு, ஸ்டீயரிங்கில் அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். பின்னால் கறுப்பாகப் புகைகிறது. பெட்ரோல் வாசனை வேறு. வயதான வண்டி, இருக்கத்தான் செய்யும்.

மங்கி கேப் பெரியவர் திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டுகிறார். இறக்கினேன்.

"சோக்கை உள்ளே தள்ளிவிட்டீர்களா, தாதா?"

குனிந்து பார்த்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.