மூட் வந்தால் எழுப்பவும்!

எழுத உட்கார்ந்தால் மூடே வரமாட்டேன் என்கிறதே? (ஈரோடு வாசகி)

ஆள் போட்டு வரவழையுங்கள். இங்கிலாந்தில் தபால் இலாகா உத்தியோகத்தில் இருந்துகொண்டே நாவல்களாக எழுதிக் குவித்தவர் ஆன்டனி டிராலப். விடியற்காலையில் எழுப்பிவிட ஒரு பணியாளருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை. அதற்கப்புறம்தான் ஆபீஸ். மூட் வந்ததா என்று அந்தக் கடிகாரம் கேட்டதாகத் தெரியவில்லை.

வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆகலாமா? (திருச்சி வாசகர்)

வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரர் கதை கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார் என்றால், தாராளமாக. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை இருந்தது. 'ஒரு புளியமரத்தின் கதை' எழுதியவர், கல்லாவையும் கவனித்தார்.

என் கதைகள் எனக்கே பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் எரித்துவிடலாமா? (மதுரை வாசகர்)

அவசரப்படாதீர்கள், இந்த ஆசை காஃப்காவுக்கே இருந்தது. எழுதியதையெல்லாம் எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் கண்டுகொள்ளவே இல்லை. காஃப்கா இறந்த மறு வருஷமே, 1925ல், 'விசாரணை' நாவல் அச்சில் வந்துவிட்டது.

அதிருக்கட்டும், உங்கள் நண்பர் எப்படி, சொன்ன பேச்சைக் கேட்பவரா?