பாறைக்கு ஒரு நியாயம், பவளத்திட்டுக்கு ஒரு நியாயம்

கே: தென்சீனக் கடலில் யாருக்கும் யாருக்கும்தான் தகராறு? (திருநெல்வேலி)

ப: சீனாவும் தைவானும் ஏறக்குறைய முழுக் கடலையும் கேட்கின்றன. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் பிலிப்பைன்ஸ், வியட்நாம், மலேசியா, புருனே நான்கும் ஆளுக்கொரு பகுதியைக் கேட்கின்றன. தனக்குத் தகராறே இல்லை என்று இந்தோனேசியா சொன்னாலும், சீனா வரைந்த கோடு அதன் நத்தூனா தீவுகளுக்கு வடக்கே உள்ள கடலில் புகுந்துவிடுகிறது.

கே: சின்ன நாடுகள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதில்லையா? (ஈப்போ)

ப: அடித்துக்கொள்ளாமல் என்ன! ஆனால் தீர்த்துக்கொண்ட விதத்தைப் பாருங்கள். ஒரு பாறையைச் சிங்கப்பூர் ‘பெட்ரா பிராங்கா’ என்றது, மலேசியா ‘பத்து பூத்தே’ என்றது. இரண்டுக்கும் வெள்ளைப் பாறை என்றுதான் பொருள். நீளம் 137 மீட்டர். மேலே 1851 முதல் ஒரு கலங்கரை விளக்கம். 1979இல் மலேசியா அதைத் தன் வரைபடத்தில் சேர்த்ததும் தகராறு மூண்டது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை. இரண்டு நாடுகளும் பேசி ஒப்புக்கொண்டே தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தின் படியேறின. அங்கே ஒரு பழைய கடிதம் பெரிதும் பேசியது. அந்தப் பாறைக்கு (இன்று மலேசிய மாநிலமான) ஜொகூர் உரிமை கோரவில்லை என்று 1953இல் ஜொகூர் அதிகாரி ஒருவர் சிங்கப்பூருக்கு எழுதியது அது. 2008இல் பாறை சிங்கப்பூருக்கு, பக்கத்து மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு என்று தீர்ப்பானது. சிங்கப்பூருக்காக வாதாடியவர்களில் ஒருவர் எஸ். ஜெயகுமார். நம்மவர் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான்.

கே: கோர்ட்டுக்குப் போகாமலே முடித்துக்கொண்டது உண்டா? (கும்பகோணம்)

ப: உண்டு. தாய்லாந்து வளைகுடாவில் எல்லைக்கோட்டில் உடன்பாடு இல்லை. அதை அப்படியே நிறுத்திவைத்து, கடலடி வளத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதென்று 1979இல் மலேசியாவும் தாய்லாந்தும் கையெழுத்திட்டன. வரப்புத் தகராறு தீரும்வரை தென்னையைக் காயவிடவில்லை!

கே: இவ்வளவு விவரமானவர்கள் சீனாவிடம் மட்டும் ஏன் தடுமாறுகிறார்கள்? (மதுரை)

ப: ஆசியானில் ஓட்டெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒப்ப வேண்டும். ஒருவர் தலையசைக்க மறுத்தால் தீர்மானம் அங்கேயே நின்றுவிடும். 2012இல் புனோம் பென்னில் அதுதான் நடந்தது. சீனாவோடு தகராறில் இருந்த ஸ்கார்பரோ திட்டைக் கூட்டறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்றது பிலிப்பைன்ஸ். தலைமை வகித்த கம்போடியா மறுத்தது. ஆசியான் பிறந்த 45 ஆண்டுகளில் முதல்முறையாக வெளியுறவு அமைச்சர்கள் கூட்டறிக்கையே இல்லாமல் கலைந்தார்கள்.

கே: 2016இல் சீனாவுக்கு எதிரான வழக்கில் பிலிப்பைன்ஸ் ஜெயித்ததே, என்ன பயன்? (மாணவி, கோவை)

ப: தீர்ப்பை அமல்படுத்தப் போலீஸ் இல்லை. ஆனாலும் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். சீனா வரைந்த கோட்டுக்குள் இருப்பதெல்லாம் அதன் வரலாற்று உரிமை என்பதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று நடுவர் மன்றம் சொல்லிவிட்டது. இனி எந்தச் சின்ன நாடும் அதைக் கையில் எடுக்கலாம். என் கோபம் ஆசியான்மீதுதான். தீர்ப்பு வந்த அதே மாதம் வியந்தியானில் கூடிய அமைச்சர்கள் தங்கள் அறிக்கையில் அதன் பெயரைக்கூட எடுக்கவில்லை.

அந்த மௌனத்துக்கு விலை உண்டு. 1999இல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே ஒரு திட்டில் தரைதட்ட வைத்த பழைய போர்க்கப்பல் சியரா மாட்ரே. துருவேறிய அந்தக் கப்பலே அங்கே காவல் நிலையம். 2024 ஜூன் 17 அன்று அங்கிருப்பவர்களுக்குச் சாமான் கொண்டுபோன படகுகளைக் கத்தியும் கோடரியுமாக வந்த சீனப் படையினர் மறித்தார்கள். அந்த மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் கட்டைவிரலை இழந்தார்.

கே: சீனாவோடு நடத்தை விதி எழுதுகிறார்களாமே, நம்பலாமா? (யாழ்ப்பாணம்)

ப: 2002இல் ஒரு நடத்தை அறிக்கையில் கையெழுத்திட்டார்கள், கட்டுப்படுத்தும் விதியாக அதை வளர்ப்பதாகவும் சொன்னார்கள். 2023இல்தான், மூன்றாண்டில் முடிப்போம் என்று கெடு வைத்தார்கள். எந்தெந்தத் திட்டுக்குப் பொருந்தும், மீறினால் சட்டப்படி கட்டுப்படுத்துமா என்ற இரண்டும்தான் முக்கியம். இவை இல்லாத காகிதத்தில் ஆசியான் கையெழுத்திடக் கூடாது. அப்படி ஒரு காகிதம் 2002 முதலே அவர்களிடம் இருக்கிறது.