நரிக்குட்டிக்கு ஏசி

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஏசி பூட்டியது போன வைகாசியில். எண்பத்தொரு வயது அம்மாவுக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தங்கச்சியின் மகன் கொழும்புப் பக்கமிருந்து வாங்கி வந்த சைபீரியன் ஹஸ்கிக் குட்டிக்காக. கச்சான் காற்று தொடங்கிவிட்டால் புல்மோட்டையில் மத்தியானம் காகம்கூட வெளியே வராது. அந்தக் காற்றுக்குள் இரண்டு அடுக்கு மயிரோடு வந்து இறங்கியது அது.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"என்னடா தம்பி, நரிக்குட்டியைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய்?"

"நரியில்லை அம்மம்மா, ஓநாய் மாதிரி."

இலங்கைக் காட்டில் ஓநாய் கிடையாது, நரிதான் உண்டு. ஆகவே அம்மா சொன்னதில் பிழையில்லை. மருமகன் ஓநாயைக் கண்டது 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரில். அதில் முதலில் நடித்தவையும் ஹஸ்கி அல்ல, வேறொரு இனம். அதைப் பார்த்து ஹஸ்கி வாங்கியவர்கள் பிறகு தெருவில் விட்டுவிடுகிறார்கள் என்று, அந்தத் தொடரில் நடித்த பீட்டர் டிங்க்லேஜே 2017இல் மன்றாட வேண்டியிருந்தது. மன்றாட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

"எப்படித் தெரிவு செய்தாய்?" என்று கேட்டேன்.

"கண்ணைப் பார்த்து, மாமா. நீலக்கண்."

தாய் நாயைப் பார்த்தாயா? இல்லை. தாய் தகப்பனுக்கு இடுப்பு மூட்டில், கண்ணில் குறை உண்டா என்று கேட்டாயா? இல்லை. எத்தனை கிழமைக் குட்டி? ஆறு. திருகோணமலையில் மிருக வைத்தியர் தலையில் கைவைத்துக்கொண்டார். எட்டுக் கிழமையாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கிடந்தால்தான், எவ்வளவு கடித்தால் மற்றதற்கு நோகும் என்று குட்டி பழகுமாம். பழகாத பாடத்தை அது என் சாரத்தில் பழகியது. மூன்று சாரம் போனது.

எங்கள் பழைய நாய் வீரனை யாரும் தெரிவு செய்யவில்லை. அப்பா கனிய மணல் கூட்டுத்தாபனத்தில் வேலை. 1957இல் தொடங்கிய கூட்டுத்தாபனம் அது. எங்கள் கரையின் கறுப்பு மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் என்று பிரித்துக் கப்பலேற்றும். இல்மனைட்டிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ட்டுக்கான தூள் எடுக்கிறார்கள். "கறுப்பு மண்ணை ஏத்திவிட்டு வெள்ளைப் பெயின்ட்டை இறக்கிற நாடு" என்பார் அப்பா. 1982இல் ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்த அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் ஒரு குட்டி ஓடிவந்து படலைக்குள் நுழைந்தது. அவ்வளவுதான் கொள்வனவு. சிரட்டையில் பழஞ்சோறு, மீன் தலை. நீலக்கண்ணா மண்ணிறக்கண்ணா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கு ஞாபகமில்லை.

ஹஸ்கியின் கால அட்டவணை வேறு. விடிய நாலரைக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டால் அது வீட்டுக்குள் ஓடும், கதிரைக் காலைத் தின்னும். வெயில் ஏறினால் கடற்கரைப் பக்கம் போகவே முடியாது. கறுப்பு மணல் அடுப்புக்கல் மாதிரிச் சுடும். புறங்கையை நிலத்தில் வைத்து ஐந்து எண்ணுமட்டும் பொறுக்க முடியாவிட்டால் நாயின் காலும் பொறுக்காது என்றார் வைத்தியர். மயிரை வழித்துவிட்டால் குளிராக இருக்குமே என்று மருமகன் கேட்டதற்கு ஏச்சு விழுந்தது. மேல்மயிர்தான் வெயிலைத் தடுக்கிறதாம். வழித்தால் பழையபடி முளைக்காமலும் போகலாம். நாள்தோறும் சீவிவிடுவதுதான் வழி. சீவியதில் பாதி முருங்கைக்காய்க் கறியில் கிடக்கும்.

காவல்? அதைக் கேட்கக் கூடாது. ஹஸ்கி அவ்வளவாகக் குரைப்பதில்லை, ஊளையிடும். அந்நியர் வந்தால் நக்கும். ஆனால் கோழியைக் கண்டால் பிறந்த ஊர்ப் புத்தி வந்துவிடும். வேலிக்கு அடியால் கிடங்கு தோண்டிப் போய் பக்கத்து வீட்டு நானாவின் பேட்டைப் பிடித்துவிட்டது. நானா செத்த கோழியோடு படலையில் நின்றார். "தம்பி, இது நாயா நரியா? ஒரு முடிவு சொல்லுங்க." அறுக்காமல் செத்த கோழி அவருக்கு ஆகாது. காசைக் கொடுத்துவிட்டு நாங்களே புதைத்தோம். மறுநாள் ஹஸ்கி அதைத் தோண்டி எடுத்து, கழுவிப் போட்ட என் விறாந்தையில் வைத்தது.

அன்றைக்கு நான் "வீரன் எப்படிப்பட்ட நாய்!" என்று தொடங்கினேன். அம்மா விடவில்லை. "ஓம், சொறி பிடிச்சுக் கிடந்தவனுக்குக் கொப்பர் கழிவு ஒயில் பூசினார். அதுதான் அவன் கண்ட மருந்து." விசர்நாய்த் தடுப்பூசிக்காரர் பள்ளிக்கூடத்தடிக்கு வரும் நாளில் மட்டும் அப்பா அவனைத் தொடைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மற்றபடி வைத்தியமில்லை. செலவில்லாத நாய் என்று நான் பெருமையடிப்பதன் கணக்கு அதுதான்.

மருமகனுக்கு ஹஸ்கியின் பூர்வீகம் மனப்பாடம். சைபீரியாவின் சுக்சி மக்கள் வளர்த்த இனம். 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டைக்கரப்பான் பரவியபோது, இருபது ஓட்டிகளும் நூற்றைம்பது நாய்களுமாக 1,085 கிலோமீற்றர் உறைபனியில் ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்களாம். கூடுதல் தூரம் ஓடியது டோகோ; கடைசித் துண்டை ஓடிய பால்ட்டோவுக்கு நியூயோர்க்கில் சிலை. (இதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமில்லை, நான் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன்.)

வீரன் ஓடியது யான் ஓயா மட்டும். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது உழவு மெசினில் ஏறினோம். பின்னாலேயே ஓடி வந்தான். ஆற்றைக் கடக்க மிதவைப் பாதைதான் இருந்தது. மூட்டை முடிச்சு, பிள்ளைகள், கிழவர் எல்லாருக்கும் இடம் போதாத பாதை. பாதை நகர்ந்தபோது அவன் குரைக்கவில்லை. இப்போது அங்கே பாலம். ஹஸ்கி ஊசிக்குப் போகும்போது கார் ஏசிக்குள் இருந்தபடி அந்த ஆற்றைக் கடக்கிறது.

போன கிழமை மத்தியானம் கரண்ட் போனது. கதவைத் திறந்துவிட்டதும் ஹஸ்கி வளவைச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டு கிணற்றடி வாழைக்குப் போனது. ஈரமண்ணைத் தோண்டி, வயிற்றை உள்ளே பதித்துப் படுத்துக்கொண்டது. திரும்பி வந்து வீட்டைப் புதிதாகக் கட்டினோம், கிணறு மட்டும் பழசு.

அம்மா கதிரையை இழுத்துப்போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீரன்ர கிடங்கு" என்றார். பிறகு மருமகனைக் கூப்பிட்டார். "தம்பி, உன்ர காருக்குள்ள எல்லாரும் ஏறினாப் பிறகு இவனுக்கும் இடமிருக்கோ?"

"ஓம் அம்மம்மா, பின் சீற்றை மடக்கினாக் காணும். ஏன், எங்க போகப் போறம்?"