படிக்கவும் நல்லாயிருக்கு

2007இல் ஒரு கிடங்குக்காக வலைப்பக்கம் எழுதினேன். 2,000 வரி கொண்ட சரக்குப் பட்டியல். தலைப்பைத் தட்டினால் விலைவாரியாக அடுக்கித் தர வேண்டும். தட்டியதும் பக்கம் உறைந்துவிடும். சற்றுப் பொறுத்து, 'ஸ்கிரிப்ட் மெதுவாக ஓடுகிறது, நிறுத்தட்டுமா?' என்று பிரவுசர் ஒரு பெட்டியைக் காட்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் அன்று இன்டர்பிரெட்டரில் ஓடியது. எந்த வேரியபிளில் என்ன வகைத் தரவு இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லாத மொழி அது. லூப் லட்சம் முறை சுற்றினால், உள்ளே இருக்கும் கூட்டல் குறி லட்சம் முறையும் 'இது எண்ணா, எழுத்தா?' என்று விசாரிக்கும். அதனால் சுற்றுக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று லூப்பைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினேன். ஃபங்ஷனை அழைக்கும் செலவுக்குப் பயந்து, முந்நூறு வரியை ஒரே ஃபங்ஷனில் திணித்தேன். ஆறு மாதம் கழித்து எனக்கே அது புரியவில்லை.

2008 செப்டம்பரில் வி8 எஞ்சினோடு குரோம் வந்தது. 2009இல் டிரேஸ்மங்கியோடு ஃபயர்பாக்ஸ் 3.5. இரண்டும் நிரலை ஓடும்போதே எந்திர மொழிக்கு மாற்றின. என் பழைய பக்கத்தைத் திறந்து தட்டினேன். விரலை எடுப்பதற்குள் பட்டியல் அடுக்கப்பட்டிருந்தது. அந்த மாலை நான் வீட்டுக்குக் கிளம்பவே இல்லை. தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வி8ஐக் கட்டிய லார்ஸ் பாக், முன்பு சன் நிறுவனத்தில் செல்ஃப் என்ற மொழியில் வேலை பார்த்தவர். செல்ஃபைப் பயன்படுத்தியவர்கள் சிலரே. ஆனால் அதற்காக உருவான யோசனைகள்தாம் இன்று உலகின் பிரவுசர்களை ஓட்டுகின்றன. ஒரே புலங்கள் ஒரே வரிசையில் அமைந்த பொருள்களை எஞ்சின் ஒரே வடிவமாகக் கருதும். 'விலை' எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால், அடுத்த முறை நேரே அங்கே கைவைக்கும். அடிக்கடி ஓடும் பகுதிக்கு, கண்ட பழக்கத்தை நம்பித் தனி எந்திர நிரல் தயாரிக்கும். பழக்கம் பொய்த்தால் அந்த நிரலை விட்டுவிட்டுப் பொது வழிக்குத் திரும்பும்.

அண்மையில் உடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி எழுதிய பில் கணக்கு இழுத்தது. வி8 எஞ்சினில் இயங்கும் நோடில், எந்திர நிரலை எஞ்சின் கைவிடும் இடங்களைக் காட்டும் டிரேஸ்-டீஆப்ட் ஆப்ஷனைப் போட்டு ஓட்டினோம். 'ராங் மேப்' என்று வரிவரியாக வந்தது.

"எந்த மேப், அண்ணா?"

"பொருளோட வடிவத்துக்கு வி8 வெச்ச பேரும்மா."

தள்ளுபடி, வரி, குறிப்பு மூன்றையும், அவை உள்ள பில்களுக்கு மட்டும், இடத்துக்கு இடம் வேறு வரிசையில் சேர்த்திருந்தாள். அதனால் பில்கள் பல வடிவங்களில் இருந்தன. நிரலின் ஒரே இடத்தில் நாலு வடிவத்தைத் தாண்டினால் எஞ்சின் அங்கே வடிவங்களைக் குறித்துவைப்பதை விட்டுவிடும். பில்லை உருவாக்கும்போதே எல்லாப் புலங்களையும் ஒரே வரிசையில் வைக்கச் சொன்னேன். தள்ளுபடி இல்லையென்றால் பூஜ்யம், குறிப்பு இல்லையென்றால் வெற்றுச் சரம். மறுபடி ஓட்டினோம். அந்த வரிகள் வரவில்லை, கணக்கும் இழுக்கவில்லை.

திருத்தியதை அவள் திரும்பப் படித்தாள். "இப்ப படிக்கவும் நல்லாயிருக்கு, அண்ணா."

2007இல் வேகம் வேண்டுமென்றால் படிக்க முடியாதபடி எழுத வேண்டியிருந்தது. இன்று இரண்டும் ஒரே நிரலில் கிடைக்கின்றன. அதைச் செய்து கொடுத்தவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.