தண்ணீரைப் பார்க்காமல் துடுப்புப் பலகை வாங்குவது எப்படி?

ஊர் சுற்றும் தம்பதிக்கு ஒரு கட்டத்தில் கோயில், அருவி, ஹோம்ஸ்டே எல்லாம் அலுத்துப்போகும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் ஒரு படம் வரும். அலையில்லாத ஏரி, சாயங்கால வெளிச்சம், ஆளுக்கொரு பலகை மேல் நிமிர்ந்து நிற்கும் இருவர், கையில் நீளத் துடுப்பு. "என்னங்க, இதைப் பாருங்களேன்" என்று மனைவி நீட்டுவார். கணவர் பார்த்துவிட்டு, "விலை என்னன்னு பாரு" என்பார். எங்கள் ஆலோசனை தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

படத்தில் பம்ப் இல்லை. பையைச் சுமந்து வந்தவர் இல்லை. லிஃப்ட்டில் முறைத்த மூன்றாவது மாடிக்காரர் இல்லை. பயணம் போன நாளிலேயே இந்தப் பலகை தண்ணீரில் கிடப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அது தோளில் இருக்கும், டிக்கியில் இருக்கும், ஆண்டின் பெரும்பகுதி பரணில் இருக்கும். ஆகவே தண்ணீருக்கென்று பலகை தேடாதீர்கள், தரைக்கென்று தேடுங்கள். கடைக்குப் போகுமுன் ஏரியைப் போய்ப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிப் பரணை அளந்து பாருங்கள்.

அளந்து முடித்ததுமே முதல் கேள்வி தீர்ந்துவிடும். கெட்டிப் பலகையா, காற்றடைக்கும் பலகையா? கெட்டிப் பலகைக்கு நடுவில் நுரை, மேலே கண்ணாடி இழையும் எபாக்ஸியும். தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகும், பார்க்கவும் அழகு. நீளம் பத்தரை அடி. அடுக்குமாடி வீட்டு ஹாலில் மூலைக்கு மூலை படுக்க வைக்கலாம், சோபாவை விற்றுவிட்டால். கார் கூரையில் கட்டிக்கொண்டு ஈசிஆரில் போகலாம். கேரளாவுக்கோ கோவாவுக்கோ விமானத்தில் போகிறவர் இதைக் கவுன்ட்டரில் நீட்டினால் எழுந்து நின்று பார்ப்பார்கள், எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீடே கோவளத்தில், வாசலே கடல் என்றால் தாராளமாக வாங்குங்கள். அப்படிப்பட்டவர்கள் பொதுவாக ஊர் சுற்றுவதில்லை.

மிஞ்சுவது காற்றடைக்கும் பலகை. காற்றா என்று முகம் சுளிக்க வேண்டாம். மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான இழைகளைக் கோத்திருப்பார்கள். எவ்வளவு அழுத்தமாகக் காற்று ஏற்றினாலும் பலகை உருண்டு உப்பாமல் அந்த இழைகள் தட்டையாக இழுத்துப் பிடிக்கும். அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் இந்த மாதிரித் துணியை வைத்து 1956-இல் காற்றடைத்துப் பறக்கும் விமானமே செய்துவிட்டது. ராணுவத்துக்குப் பரிசோதனைக்குக் கொடுத்தும் பார்த்தார்கள், ராணுவம் அதைப் பெரிதாக வாங்கவில்லை. போகட்டும், காற்றில் பறந்த துணி தண்ணீரில் உங்களைத் தாங்காதா?

அளவு விஷயத்தில் கடைக்காரரைவிடக் கணவர்தான் ஆபத்தானவர். அவர் முந்தின இரவு முழுக்க வீடியோ பார்த்திருப்பார். பன்னிரண்டரை அடி நீளம், 30 அங்குல அகலம், கூர்மூக்கு வைத்த டூரிங் பலகைதான் வேண்டும் என்று நிற்பார். இன்னும் இரண்டு வீடியோ பார்த்திருந்தால் பந்தயப் பலகையே கேட்பார். தமிழ்நாட்டின் சேகர் பச்சை மாதிரி தேசியப் போட்டிகளில் ஜெயிப்பவர்கள் நிற்கும் பலகை 14 அடி நீளம் இருக்கும். அகலமோ இடுப்பைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அதில் அவர்கள் நிற்கிறார்கள் என்பது அவர்களைப் பற்றிய செய்தி. பலகையைப் பற்றியது அல்ல.

புதிதாக நிற்கப் பழகுகிறவர்களுக்கு 10 முதல் 11 அடி நீளம், 32 முதல் 34 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன். 4 அங்குலத் தடிமனில் விலை குறைவாக ஒன்று கிடைக்கும். ஏறி நின்றால் நடுவில் பள்ளம் விழும், பாதம் நனையும், விலை ஏன் குறைவு என்று புரியும். அகலம் கூடக்கூட ஆடாமல் நிற்கும், வேகம் குறையும். நீளம் கூடக்கூட நேராகப் போகும், திரும்பச் சொன்னால் கேட்காது. இந்த நான்கு வரியைத் தாண்டிக் கடையில் சொல்லப்படும் எதையும் புன்னகையோடு கேட்டுக்கொள்ளலாம். நிறம் மட்டும் பளிச்சென்று எடுங்கள், தூரத்திலிருந்து தேடுபவர்களுக்கு உதவும்.

இருவருக்கும் ஒரே மாதிரியா, வெவ்வேறா? அவருக்கு நீளமான டூரிங், இவருக்கு அகலமான குட்டைப் பலகை என்று வாங்கிய தம்பதியை உப்பங்கழியில் சுலபமாக அடையாளம் காணலாம். முதல் வளைவு வருவதற்குள் அவர் புள்ளியாகியிருப்பார். இவர் பின்னால் நின்று கத்திக்கொண்டிருப்பார். காற்று எதிர்ப்பக்கம் வீசுவதால் கேட்கவில்லை என்று அவர் பிறகு சொல்வார். எடை கூடியவருக்கு இன்னும் கொஞ்சம் அகலமானதைக் கொடுங்கள், எடை குறைந்தவருக்கு அதைவிட ஒன்றிரண்டு அங்குலம் ஒடுங்கியதைக் கொடுங்கள். வேகம் ஏறத்தாழச் சமமாகிவிடும், பேச்சுவார்த்தையும் நீடிக்கும். பலகை எவ்வளவு எடை தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மிதப்பதற்கான கணக்கு, நிற்பதற்கான கணக்கு அல்ல. தண்ணீர் பாட்டில், பை, எலுமிச்சை சாதம் எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் நல்ல இடைவெளி இருக்க வேண்டும்.

சிக்கனக்காரர்கள் இங்கே குறுக்கிட்டு, ஒரே பெரிய பலகையில் இரண்டு பேரும் போகலாமே என்பார்கள். போகலாம். ஒருவர் முன்னால் உட்கார்ந்துகொள்ள, மற்றவர் பின்னால் நின்று துடுப்புப் போடுவார். உட்கார்ந்தவருக்கு வேறு வேலை இல்லாததால் வழி சொல்லத் தொடங்குவார். காரில் இதே ஏற்பாடு உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது என்று யோசித்து முடிவெடுங்கள்.

இனி பம்ப். பலகைக்குச் செலவிடும் யோசனையில் பாதியை இதற்கு ஒதுக்கச் சொல்கிறேன். பலகைக்குள் ஏற்ற வேண்டிய அழுத்தம் பொதுவாக 12 முதல் 15 பிஎஸ்ஐ. கார் டயருக்கு 30-க்கு மேல் போடுகிறோமே, இது பாதிதானே என்று தோன்றும். டயருக்குக் கம்ப்ரஸர் அடிக்கிறது. இதற்கு நீங்கள் அடிக்கிறீர்கள். முதல் சில நிமிடம் உற்சாகமாகப் போகும், ஆனால் மீட்டர் முள் பூஜ்யத்தை விட்டு நகராது. மீட்டர் பழுது என்று கடைக்காரருக்கு ஃபோன் போட வேண்டாம். பலகை முழு வடிவத்துக்கு வரும்வரை உள்ளே அழுத்தம் என்று ஒன்று கிடையாது. முள் நகரத் தொடங்கியபின் கடைசி ஐந்து பிஎஸ்ஐ இருக்கிறதே, அதற்குக் கை போதாது. உடம்பின் முழு எடையையும் கைப்பிடி மேல் சாய்க்க வேண்டும். இழுக்கும்போதும் அழுத்தும்போதும் காற்றுத் தள்ளும் பம்பாக இருந்தால், பாதியில் அழுத்தும்போது மட்டும் தள்ளும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பலகைக்குப் பத்து நிமிடம். நீங்கள் இரண்டு பேர், பலகை இரண்டு, பம்ப் ஒன்று. யார் முதலில் என்பதை வீட்டிலேயே பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

வால்வுக்குள் ஒரு சின்னக் குமிழ் உண்டு. அழுத்தித் திருப்பினால் மேலே நிற்கும், மறுபடி அழுத்தினால் கீழே நிற்கும். காற்றடைக்கும்போது மேலே நிற்க வேண்டும். கீழே நிற்கும்போது அடித்தாலும் காற்று உள்ளே போகும், முள்ளும் ஏறும். எல்லாம் முடிந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு குழாயைக் கழற்றிய கணத்தில் உள்ளே இருந்ததெல்லாம் பெரும் ஓசையோடு வெளியே வந்துவிடும். கூடிநின்று வேடிக்கை பார்த்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. "அண்ணே, மறுபடி அடிங்க" என்பார்கள். கார் சாக்கெட்டில் செருகும் மின்சார பம்ப் வாங்கலாம், நல்லதுதான். கார் நிற்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் அதன் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றடைத்த பலகை வெறும் பத்து கிலோதான். பத்தரை அடி நீளத்தில் குறுக்குக்காற்றில் அது பத்து கிலோவாக நடந்துகொள்ளாது.

துடுப்பில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மனமுவந்து நான் சொல்லும் ஒரே ஆடம்பரம் இதுதான். பலகை உங்களைச் சுமக்கிறது, துடுப்பை நீங்கள் சுமக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் அதைத் தூக்கிப் போடுவீர்கள். அலுமினியத்தில் மிச்சமான பணம் தோள்பட்டைத் தைலத்தில் போய்விடும். கார்பன் கட்டுப்படியாகாவிட்டால் கண்ணாடி இழை போதும். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுவதாக இருந்தால் பைக்குள் அடங்கும், நீளத்தையும் கூட்டிக் குறைக்கலாம். உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 சென்டிமீட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பின் தகடு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எல்லோரும் முதலில் அதைத் திருப்பித்தான் பிடிப்பார்கள், ஏனென்றால் கரண்டி பிடித்த கைக்கு அதுதான் சரியாகப் படும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி விளையாட்டாகச் சொல்ல எதுவும் இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2008-இல் இந்தப் பலகையைப் படகு வகையில் சேர்த்தது. அலைச்சறுக்கும் எல்லையைத் தாண்டினால் லைஃப் ஜாக்கெட் வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் ஏரியில் கேட்க ஆளில்லாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள். பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு கட்டாயம். விழுந்தால் காற்று பலகையைத் தள்ளும் வேகத்துக்கு உங்களால் நீந்த முடியாது. ஓடும் ஆற்றில் மட்டும் கயிறு காலில் கூடாது. வேரிலோ கிளையிலோ மாட்டினால் குனிந்து அவிழ்க்கவிடாமல் நீரோட்டம் அமுக்கும். அங்கே ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் இடுப்புப் பட்டைதான் சரி. கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசும் காலை வேளையில் கடல் அடங்கிக் கிடப்பதாகத் தெரியும். நின்றுகொண்டிருக்கும் ஆளையே பாயாக்கி வெளியே கொண்டுபோவதும் அந்தக் காற்றுதான். முட்டுக்காடு போன்ற கழிகளில் முகத்துவாரத்தை விட்டுத் தள்ளியே பழகுங்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்தபின் அது திருப்பிக் கொண்டுவந்து விடும்.

விமானத்தில் போகிறவர்களுக்குச் சின்னக் கணக்கு. பலகை, பம்ப், துடுப்பு, பலகைக்கு அடியில் மாட்டும் ஃபின், கயிறு, சக்கரம் வைத்த பை எல்லாம் சேர்ந்து 14, 15 கிலோவைத் தொடும். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் தலைக்கு 15 கிலோதான் இலவசம். உங்கள் துணிமணிக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். பம்பை எடுத்து மனைவியின் பெட்டியில் வைக்கலாமே என்று தோன்றும். அவரிடமும் ஒரு பலகை இருக்கிறது. ஒட்டுப்போடும் பெட்டியில் இருக்கும் பசை தீப்பிடிக்கும் வகை என்பதால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ரயிலில் அந்தப் பிரச்சினை இல்லை. பை லோயர் பெர்த்துக்கு அடியில் போகுமா என்பது எதிரே வரும் குடும்பத்தின் மூட்டைகளைப் பொறுத்தது.

கையோடு கொண்டுபோகும் வசதி என்றதும் இதெல்லாம் வெளிநாட்டார் மூளை என்று நினைக்க வேண்டாம். நம் கடற்கரையில் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே பிரித்துக் காயப்போடுவார்கள், மறுநாள் மறுபடி கட்டுவார்கள். 15 பிஎஸ்ஐ தேவைப்படவில்லை. நின்று துடுப்புப் போடுவதற்கும் ஒரு பழைய கதை உண்டு. ஹவாயின் வைக்கீக்கி கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தவர்கள் பலகையில் எழுந்து நின்று துடுப்புப் போட்டது எதற்குத் தெரியுமா? மாணவர்களைக் கவனிக்க, கூடவே அவர்களைப் படம் எடுக்க. அதனால் நீங்களும் படத்துக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்று யாராவது குத்திக்காட்டினால் கூச்சப்படாதீர்கள், மரபு அப்படி.

வாங்குமுன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்று பொறுப்புள்ளவர்கள் சொல்வார்கள். கோவளத்திலும், கர்நாடகத்து முல்கியிலும், கோவாவிலும் ஒரு காலை வேளைக்குப் பலகையும் சொல்லித்தர ஆளும் கிடைக்கும். இது நியாயமான யோசனை. அதனாலேயே யாரும் கேட்பதில்லை.

ஊர் திரும்பியதும் மொட்டைமாடியில் நிழலாகப் பார்த்துக் காயவையுங்கள். உப்புத் தண்ணீரில் போயிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முழுக் காற்றோடு வெயிலில் விடாதீர்கள், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும். மாமியார் வடாம் பிழிய வருமுன் எடுத்துவிடுவது உங்கள் பாதுகாப்புக்கு. சுருட்டும்போது ஃபின்னைக் கழற்றிச் சன்னல் திட்டில் வைப்பீர்கள், அது அங்கேயே இருந்துவிடும். ஃபின் இல்லாத பலகை நேராகப் போகாது, நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே இன்றைக்கே கூடுதலாக ஒரு ஃபின் வாங்கிப் பம்ப் பையின் அடியில் போட்டு வையுங்கள். வாங்கும்போது உங்கள் பலகையின் காடிக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், எல்லாம் எல்லாவற்றிலும் ஏறாது.