எங்கள் ஊர் ஏரிக்கரை ஊராம்

என் அக்கா மகன் டொரண்டோவில் இருக்கிறான். ஒன்டாரியோ ஏரிக்குப் பக்கத்தில் வீடு. ஏரி என்றால் கடல் மாதிரி இருக்குமாம், அலைகூட அடிக்குமாம், வாயில் ஒரு கை அள்ளி விட்டால்தான் உப்பில்லை என்று தெரியுமாம். போன சித்திரையில் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அவனிடமிருந்து போன். அவன் தம்பிக்கு வைகாசியில் கல்யாணம். டிக்கெட் போட்ட கதையைச் சொல்லப் போகிறான் என்று நினைத்து எடுத்தேன்.

"மாமா, நம்ம புதுக்கோட்டை லேக்சைட் டவுனா?"

விஷயம் இதுதான். அவன் மனைவி சென்னையில் பிறந்து வளர்ந்த பெண். எங்கள் ஊருக்கு இன்னும் வந்ததில்லை. வரப்போகிறோமே என்று செல்போனில் வரைபடத்தை விரித்துப் பார்த்திருக்கிறாள். நகரத்தை ஒட்டினாற்போல ஒரு பெரிய நீலம். மாவட்டம் முழுக்க அம்மை போட்டதுபோலச் சின்னச் சின்ன நீலங்கள். "இவ்வளவு ஏரி இருக்குன்னு சொல்லவே இல்லியே நீ" என்று கேட்டிருக்கிறாள். நம் ஆள் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூன்று வருஷமாக மாமனார் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் மெரினாவைப் பற்றியே கேட்டு நொந்துபோயிருந்தவன், "ஆமா, சொல்ல மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

"அதனால என்னடா மாப்ள?"

"நீச்சல் டிரெஸ் வாங்கிட்டா மாமா."

அந்தப் பெரிய நீலம் கவிநாடு கண்மாய். மாவட்டத்தின் பெரிய கண்மாய்களில் ஒன்று. அதில் பொய்யில்லை. ஏரி, கண்மாய், குளம் என்று கணக்கெடுத்தால் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கிறது எங்கள் மாவட்டத்தில். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத ஊரில், பெய்கிற மழையைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் பிழைப்பு என்று எந்தக் காலத்திலோ முடிவு செய்து வெட்டி வைத்தார்கள். ஆறுகள் இருக்கின்றன, வெள்ளாறு, பாம்பாறு, அம்புலியாறு, அக்னியாறு என்று. ஆற்றுக்கே அக்னி என்று பெயர் வைத்த ஊரின் வெயிலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டொரண்டோவில் ஏரி என்பது ஓர் இடம். எங்களுக்கு அது ஒரு பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்து, வரத்துவாரியில் அடைப்பில்லாமல் தண்ணீர் வந்து சேர்ந்தால் கண்மாய் ததும்பும். கலிங்கில் மறுகால் பாயும். குடும்பத்தோடு போய் நின்று வேடிக்கை பார்ப்போம். தை, மாசியில் தண்ணீர் மடைப்பக்கமாக ஒதுங்கும். பங்குனி, சித்திரையில் ஓரமாகக் கொஞ்சம் கிடக்கும், மழை ஏமாற்றிய வருஷமானால் அதுவும் கிடையாது. சின்னக் கண்மாய்களில் ஆடு மேயும், சீமைக் கருவேலம் பூத்து நிற்கும், நடுவில் பையன்கள் ஸ்டம்ப் நட்டிருப்பார்கள். சில கண்மாய்களுக்குள் பழைய காலத்துக் குமிழி இருக்கும். மடைக்குத் தண்ணீர் விடுவதற்காக நிறுத்திய இரண்டு கல்தூண்கள், சிலவற்றில் கல்வெட்டும் உண்டு. பையன்கள் சட்டையைக் கழற்றி அதில்தான் மாட்டுவார்கள். எந்த அரசன் காலத்துத் தூண் என்று கேட்டால் பெவிலியன் என்பார்கள்.

ஆனால் வரைபடத்தில் பன்னிரண்டு மாதமும் நீலம்தான். வரைபடத்துக்குச் சித்திரை தெரியாது.

மறுநாளிலிருந்து வானிலை அறிக்கை தரும் வேலை எனக்கு வந்தது. கல்யாண வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண் கேட்டாள்: "அங்கிள், வெதர் எப்படி? ஈவினிங் லேக் பிரீஸ் வருமா?" அவளுடைய கணவன் தனியாக எனக்குக் கும்பிடு போடும் பொம்மை ஒன்று அனுப்பினான். "காத்து வரும்மா" என்று எழுதினேன். அது பொய்யில்லை. பகலில் தரை சீக்கிரம் சூடாகும், தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், அதனால் தண்ணீர்ப் பக்கமிருந்து கரைக்குக் குளிர்ந்த காற்று கிளம்பும். ஏரிக்காற்றின் சூத்திரம் இவ்வளவுதான். இதற்கு ஏரிக்குள் தண்ணீர் இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இல்லாவிட்டால் கண்மாய்த் தரை தோசைக்கல்லாகக் காய்ந்து, அங்கிருந்தும் காற்று வரத்தான் செய்யும். விறகடுப்பை ஊதும்போது முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று.

அவள் செல்போன் எங்கள் ஊருக்கு 38 டிகிரி என்றது. எங்கள் வீட்டுக்கு வரும் பேப்பர் 100 டிகிரி என்றது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபாரன்ஹீட் என்பவர் 1724-ல் கொடுத்த அளவுகோலை நாடு எப்போதோ மூட்டை கட்டி வைத்துவிட்டது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரும் தமிழ்ப் பத்திரிகைகளும்தான் இன்னும் விடவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. 37.8 செல்சியஸ் என்றால் யாருக்கு என்ன தெரியும்? அதையே 100 என்று போட்டால் வெயில் சதமடித்துவிடுகிறது, ஒரு கைதட்டலாவது தட்டலாம். எனக்கிருக்கும் மனக்குறை வேறு. கரூர் பரமத்தி சதம், வேலூர் சதம், திருத்தணி சதம், ஈரோடு சதம், பக்கத்திலிருக்கும் திருச்சி சதம் என்று தினமும் பட்டியல் வரும். நான் பார்த்தவரை எங்கள் ஊரைப் பெஞ்சிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். அதே வெயிலில் காய்கிறோம், பெயர் மட்டும் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 38, 40 எல்லாம் நீங்களும் நானும் படுகிற வெயில் இல்லை. வானிலை நிலையத்தில் தெர்மாமீட்டரை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். நான்கடி உயரத்தில், நான்கு பக்கமும் பலகணி வைத்து, காற்றோட்டமாக, வெயில் நேராகப் படாமல் இருக்கும் பெட்டி. அதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சனின் அப்பா. அந்தப் பெட்டிக்குள் ஜமீன்தார் மாதிரி நிழலில் உட்கார்ந்திருக்கும் பாதரசமே 40 காட்டுகிறது என்றால், மத்தியானம் இரண்டு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் வெயிலில் நின்ற பஸ்ஸின் ரெக்ஸின் சீட்டில் வேட்டியோடு உட்காருகிறவனுக்கு எத்தனை டிகிரி? அதை அளக்க இன்னும் பெட்டி வரவில்லை.

கல்யாணம் கத்திரிக்குள் வந்து மாட்டிக்கொண்டது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அக்னி நட்சத்திரத்தில் சுபகாரியம் கூடாது என்று ஒரு சித்தப்பா முரண்டு பிடித்தார். மண்டபம் அந்த ஒரு தேதியில்தான் இருக்கிறது என்றதும் சாஸ்திரம் இறங்கி வந்தது. அடுத்த கேள்வி மழை. சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் வெயில் முற்றினால்தான் கோடை மழை வரும். மத்தியானம்வரை தரை கொதிக்கும், சாயங்காலம் கிழக்கிலிருந்து கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவரும், இரண்டும் சேர்ந்து மேகம் மளமளவென்று மேலே எழும்பி இடியோடு கொட்டும். செய்தியில் வெப்பச்சலனம் என்பார்களே, அது. ஒரு மேகத்தின் அகலமே சில கிலோமீட்டர்தான். திருக்கோகர்ணத்தில் குடை, திருவப்பூரில் வெயில்.

அதனால்தான் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசான மழை பெய்யக்கூடும்" என்று சொல்கிறார்கள். இது தப்பிக்கிற பேச்சு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகலாம் என்றால் ஓரிரு இடங்கள். அதற்கு மேல் 50 வரை என்றால் ஒருசில இடங்கள். லேசான மழை என்பதற்கும் மில்லிமீட்டர் உண்டு, 15.5-ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு சொல்லும் தராசில் நிறுத்துப் போட்டது. நாம்தான் அதைக் கவிதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வானிலைச் செய்தியைக் கேலி செய்யும் வழக்கம் எங்கள் பக்கம் கஜாவோடு கொஞ்சம் குறைந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வழியாக உள்ளே வந்தது. தாத்தா வைத்த பலா, அப்பா வைத்த தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. அதற்குப் பிறகு டீக்கடையில் டிவியில் புயல் என்ற சொல் வந்தால் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள்.

ஆனால் கோடை மழைக்கு நாங்கள் நம்புவது பந்தல்காரரை. அவருடைய முன்னறிவிப்பு பில்லோடு வரும். "துணிப் பந்தல் போட்டா கண்டிப்பா மழை வரும். தகரம் போட்டா வராது. எது வேணும்?" என்றார். தகரத்துக்கு இரண்டு மடங்கு. அக்கா தகரம் என்றாள்.

ஆளுக்கொரு பெட்டியோடு இருவரும் வந்து இறங்கினார்கள். திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டை சாலையில்தான் இருக்கிறது, ஒரு மணி நேரம். வழியெல்லாம் அந்தப் பெண் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "இங்க ஒரு லேக் வரணுமே" என்று ஜன்னலில் தேடியிருக்கிறாள். வந்ததெல்லாம் வெள்ளாடு. வீட்டுக்குள் நுழைந்து மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அங்கிள், லேக் எங்க?"

அக்கா மகன் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தான்.

என்னைக் காப்பாற்றியது மீன்பிடித் திருவிழா. எங்களுக்குச் சொந்தம் இருக்கும் ஒரு கிராமத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கண்மாயை அழிக்கிறார்கள் என்று சேதி வந்தது. பதறாதீர்கள், அழிப்பது என்றால் வற்றிக் கிடக்கிற தண்ணீரில் ஊரே இறங்கி மீன் பிடிப்பது. விடியற்காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கரை முழுக்கச் சனம். கையில் ஊத்தா, கச்சா, தூரி, வலை, ஒன்றும் கிடைக்காதவர்களிடம் பழைய கொசுவலை. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசியதுதான் தாமதம், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே. முழங்கால் தண்ணீர் அடுத்த நிமிஷமே முழங்கால் சேறானது. விரால், கெண்டை, கெளுத்தி எல்லாம் எங்கே போவதென்று தெரியாமல் மனிதர்கள் மேலேயே மோதின. டொரண்டோவில் வாங்கிய நீச்சல் உடைக்கு மேல் அக்காவின் நைட்டியைப் போட்டுக்கொண்டு இறங்கிய அந்தப் பெண், ஒரு மணி நேரம் கழித்து உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டையோடு கரையேறினாள். முகத்தில் மூக்கும் பல்லும் மட்டும் அடையாளம் தெரிந்தது. லேக்கைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழம்பில் அவள் மீன் எது என்று மட்டும் கேட்டாள்.

"மீன் பிடிச்சாச்சுல்ல, இனி மழை வந்துரும்" என்றார் சொந்தக்காரப் பெரியவர். அது அந்த ஊர் நம்பிக்கை.

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி நிலவரம் இது. செல்போன், மழைக்கு நூற்றுக்கு 20 வாய்ப்பு என்றது. செய்தியில், ஓரிரு இடங்களில். பந்தல்காரர், தகரத்துக்கு வராது. கிராமத்துப் பெரியவர், வரும். நான் மொட்டை மாடியில் நின்று நாலு பக்கமும் பார்த்தேன். நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. மண்டபத்தில் இடம் பத்தாமல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த இருபது பேரிடம், "இன்னிக்கு மழை வராது, தைரியமா மாடியில பாய விரிச்சுப் படுங்க" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டேன்.

ராத்திரி ஒன்றரைக்குக் கொட்டியது. எங்கள் வீட்டின் மேல், எங்கள் தெருவின் மேல், தெருவுக்குப் பின்னாலிருக்கும் சின்னக் கண்மாயின் மேல். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த மண்டபத்தில் ஒரு பொட்டு விழவில்லை. காலையில் தகரக் கொட்டகைக்குள் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் இட்லிகளோடு சேர்ந்து வெந்தார்கள். "தகரம் போட்டா வராதுன்னு சொன்னேன்ல" என்றார் பந்தல்காரர். பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார். இருபது என்று சொன்ன செல்போனும் தப்பில்லை. ஓரிரு இடங்களில் ஒரு இடம் என் மொட்டை மாடி. அத்தனை பேர் சொன்னதும் பலித்தது. நனைந்த தலையணையோடு வந்து நின்ற இருபது பேர் தேடியது என்னை மட்டும்தான்.

சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலில் தெருப் பையன்கள் ஐந்தாறு பேர், பேட்டோடு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"என்னடா, விளையாடலியா?"

"கண்மாய்க்குள்ள தண்ணி நிக்குது அய்யா. இன்னிக்கு மேட்ச் கேன்சல்."

அந்தப் பெண் ஓடிப்போய்ப் பார்த்தாள். கணுக்கால் அளவுக்கு, பிட்ச் இருந்த இடத்தில் மட்டும் தேங்கியிருந்தது. அதைப் படமெடுத்து, சென்னைக்கு லேக் வியூ என்று அனுப்பினாள். படத்தில் ஸ்டம்ப் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். மறுநாள் பதினொரு மணிக்குள் காய்ந்துவிட்டது.

நீங்களும் எங்கள் ஊருக்கு வர வேண்டும். ஏரி பார்க்க ஆசையிருந்தால் கார்த்திகையில் வாருங்கள், கலிங்கில் மறுகால் பாய்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள். மே மாதம்தான் லீவு கிடைக்கும் என்றால் பேட் மட்டும் கொண்டு வாருங்கள். பந்து பையன்களிடம் இருக்கிறது.